விவாகரத்து முடியும் முன் மறுமணம்: சட்டம் என்ன சொல்கிறது?

சேலம் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துவராமல் போனால், கோர்ட்டுக்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, போட்ட நகையையும் சீரையும் திருப்பிக் கொடுக்கச் செய்து, முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிடுவார்கள். ‘இன்று முதல் எங்கள் இருவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்’ என்று ஒரு பக்கம். கீழே இரண்டு கையெழுத்து, நாலு சாட்சி, நோட்டரி வக்கீலின் முத்திரை. பார்ப்பதற்குக் கோர்ட் காகிதம் மாதிரியே இருக்கும். ‘தீர்த்துவிட்டாச்சு’ என்று சொல்லி அடுத்த முகூர்த்தத்துக்கே பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தக் காகிதம் விவாகரத்து ஆகாது. நோட்டரி முத்திரை கையெழுத்துக்குத்தான் சாட்சி, கல்யாணத்தை முறிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். பலரும் தடுமாறுவது அங்கேதான்.

சரி, முதல் கல்யாணம் உயிரோடு இருக்கும்போதே இரண்டாவது தாலி ஏறினால் என்ன ஆகும்? இந்துக்களைப் பொறுத்தவரை, அதே சட்டத்தின் 5, 11ஆம் பிரிவுகளின்படி அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பதிவு அலுவலகத்தில் பதிந்திருந்தாலும் செல்லாதது செல்லாததுதான். கூடவே அது குற்றமும் ஆகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவாக வந்திருக்கிறது. 7 ஆண்டு வரை சிறை, அபராதம். முதல் கல்யாணத்தை மறைத்து இரண்டாவது கல்யாணம் செய்திருந்தால் 10 ஆண்டு வரை.

‘கோயிலில் எளிமையாகத் தாலி கட்டினோம், ஐயர் கூட இல்லை, இதெல்லாம் கல்யாணக் கணக்கில் வருமா’ என்று கேட்பவர்கள் உண்டு. வரும். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். அக்னியை ஏழு அடி சுற்றவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை என்ற வாதத்தை ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001லேயே தள்ளிவிட்டது.

இந்தக் குற்றத்துக்கு, முதல் மனைவியோ கணவனோ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் போடுவதுதான் வழக்கமான வழி. மனைவிக்காக அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளும் போடலாம். இத்தனை வருஷத்துக்குள் போட வேண்டும் என்ற கெடுவும் கிடையாது.

தண்டனையெல்லாம் ஏட்டில்தான் என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூர் பக்கத்து வழக்கு ஒன்று. விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போதே மனைவி வேறொருவரை மணந்துகொண்டார். உயர் நீதிமன்றம் கோர்ட் கலையும்வரை உட்கார்ந்திருக்கும் தண்டனையோடு விட்டுவிட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அது போதாது என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்கும் அவரை மணந்தவருக்கும் ஆளுக்கு 6 மாதச் சிறை விதித்தது. சின்னக் குழந்தை இருந்ததால், இரண்டாவது கணவர் முதலில் சிறைக்குப் போய்த் திரும்பிய பிறகு அந்தப் பெண் போக வேண்டும் என்று ஏற்பாடு. கோர்ட் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இது நேர்ந்திருக்காது.

எனக்கு அதிகக் கவலை, ஒன்றும் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளும் இரண்டாவது பெண்ணைப் பற்றித்தான். அவர் சட்டப்படி மனைவி ஆவதில்லை. கணவன் இறந்தால் வாரிசு உரிமை கிடையாது, குடும்ப ஓய்வூதியத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் அவரைச் சட்டம் நட்டாற்றில் விட்டுவிடவில்லை. முதல் கல்யாணத்தை மறைத்து ஏமாற்றியவரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. முதல் கணவனிடமிருந்து பத்திரம் எழுதிப் பிரிந்து, கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பான டிகிரியை வாங்காமல் மறுமணம் செய்த ஒரு பெண்ணுக்கும் இரண்டாவது கணவன் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பயமே வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி அவர்கள் முறையான வாரிசுகள். அப்பா அம்மாவின் சொத்திலும், கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றவருக்கு வரும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்பது 2023 தீர்ப்பு.

அப்படியானால் எப்போது மறுமணம் செய்யலாம்? டிகிரி வந்த மறுநாளே என்று அவசரப்படக் கூடாது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு போகும் காலம் கழிய வேண்டும், போயிருந்தால் அது தள்ளுபடியாக வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், திருமணச் சட்டத்தில் 90 நாள். 90 நாளும் பொறுத்திருப்பதே பத்திரம். இருவரும் சம்மதித்து வாங்கிய டிகிரிக்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் இந்தக் காத்திருப்பும் இல்லை. டிகிரிக்குப் பிறகு இடைப்பட்ட நாளில் தெரியாமல் கல்யாணம் நடந்துவிட்டால் அதனாலேயே அது செல்லாததாகிவிடாது என்று தீர்ப்புகள் இருக்கின்றன. இருந்தாலும் வழக்கை விலைக்கு வாங்குவானேன். மறுதரப்பு வராமலே ஒருதலையாக வந்த தீர்ப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. சம்மன் கிடைக்கவில்லை என்று காட்டி அதை ரத்து செய்யக் கேட்க முடியும்.

சேர்வராயன் மலைக்கு இதில் தனிக் கதை உண்டு. ஏற்காட்டு மலையாளி மக்கள், கேரளத்துக்காரர்கள் அல்ல, பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்கு அவர்கள் வழக்கமே சட்டம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துக்கொண்டது அங்கே செல்லக்கூடும். சிக்கல் வந்தால் வழக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கும் உண்டு. எனவே யார் முன்னிலையில், எந்தத் தேதியில் பேசி முடித்தது என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மலையிலேயே இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அங்கேயும் கோர்ட் டிகிரியும், மேல்முறையீட்டுக் காலம் முடிவதும் கட்டாயம்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கத்தி தலைமேல் தொங்குகிறது. முதல் துணை இருக்க மறுமணம் செய்வது நடத்தை விதிமீறல், வேலையே போகலாம்.

மறுமணத்துக்கு வரன் பார்க்கும் வீட்டார் கூச்சப்படாமல் டிகிரியின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். வழக்கு எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால், வழக்கு முடிந்ததா நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வழக்கு நடத்தப் பணமில்லை என்றால், சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100க்குப் போன் செய்யலாம்.