அப்பாடா!

சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடுகிறோம். கடைசியில் அது சட்டைப் பையிலேயே கிடக்கிறது. அப்போது வாயில் வருகிற ‘அப்பாடா’ விசித்திரமானது. கைக்குப் புதிதாக எதுவும் வந்துவிடவில்லை. காலையில் இருந்த அதே சாவிதான். ஆனாலும் மனம் பரிசு வாங்கியதைப் போலக் குளிர்கிறது.

மூளையின் கணக்கில் அந்த நிம்மதி பரிசேதான். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் டானிமோட்டோ, ஹைசன்பெர்க், கெர்பர் ஆகிய மூவர் பழ ஈக்களை வைத்துச் செய்த சோதனை 2004-இல் வெளியானது. (இந்த ஹைசன்பெர்க், குவாண்டம் இயற்பியல் மேதையின் மகன்.) ஒரு மணத்தைக் காட்டிவிட்டு மின் அதிர்ச்சி கொடுத்தால், ஈக்கள் பிறகு அந்த மணத்தைக் கண்டாலே விலகின. அதிர்ச்சி ஓய்ந்த பிறகு மணத்தைக் காட்டினாலோ, அதை நாடிப் போயின. அதிர்ச்சி ஒன்றுதான், மணம் வந்த நேரம்தான் வேறு. எலிகளிலும், வலி தணியும்போது மூளையின் இன்ப மையத்தில், பரிசு கிடைக்கும்போது சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது.

சிக்கல் இங்கேதான். நிம்மதி எந்த வழியாக வந்தது என்று மூளை விசாரிப்பதில்லை. எழுத வேண்டிய அறிக்கையைத் திறக்கிறோம், வயிற்றைப் பிசைகிறது. ‘நாளை பார்க்கலாம்’ என்று மூடுகிறோம், பிசைவது நின்றுவிடுகிறது. எழுதி முடித்தால் கிடைக்கும் நிம்மதி மூன்று நாள் தள்ளி இருக்கிறது. மூடியதற்கான நிம்மதியோ மூன்றே நொடியில் வந்துவிட்டது. ஆகவே மூடியதன் பெயரில்தான் வரவு எழுதப்படுகிறது. அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் மூடும். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனம் நன்றாகப் படித்துவிட்ட பாடம் இது. பூட்டிய கதவை நான்கு முறை இழுத்துப் பார்ப்பவரும் இதே பள்ளியில் படித்தவர்தான். அச்சத்துக்குச் சிகிச்சை தருவோர், அது தானாகத் தணியும்வரை அதன் எதிரிலேயே நிற்கப் பழக்குவது இதனால்தான்: நிம்மதி வரட்டும், ஆனால் ஓடியதற்குக் கூலியாக வரக்கூடாது.

நிம்மதிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது விழிப்பைத் தளர்த்துகிறது. போலந்தில் டோலின்ஸ்கி, நவ்ராட் என்ற இருவர், நிறுத்தியிருந்த கார்களில் அபராதச் சீட்டுபோலத் தோன்றும் தாளைச் செருகி வைத்தார்கள். பதறி எடுத்துப் பார்த்தால் வெறும் விளம்பரம். அந்தக் கணத்தில் ஒருவர் வந்து ஒரு படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்டபோது, பதற்றமே அடையாதவர்களைவிட இவர்களே அதிகமாக இணங்கினார்கள். 1998-இல் வெளியான இந்த ஆய்வைக் காவல் நிலையங்கள் படித்திருக்கத் தேவையில்லை. ஒருவர் அதட்டிவிட்டுப் போன பிறகு இன்னொருவர் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்காரும் உத்தி அங்கே எப்போதோ வந்துவிட்டது.