பிறந்த திகதியைச் சொல்லாமல் வயதை நிரூபிக்கலாமா?

கொக்குவிலைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிஜிட்டல் அடையாள அட்டை கட்டாயமானால், கேட்கிற எல்லோரிடமும் எமது விபரங்கள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டி வருமா?" வேண்டியதில்லை. கேட்டதற்கு மட்டும் விடை தரும் அட்டையை அமைக்கத் தேவையான கணிதம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது இலங்கையில் நாம் வைத்திருக்கும் தேசிய அடையாள அட்டையின் இலக்கமே நிறையப் பேசுகிறது. 1993561 என்று ஒரு பன்னிரண்டு இலக்க எண் தொடங்கினால், முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்நாளுடன் 500 கூட்டப்படுகிறது. ஆகவே இவர் 61 ஆம் நாளில் பிறந்த பெண். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாட்கள் என்றே கணக்கிடப்படுவதால் அந்த நாள் மார்ச் 1. சிம் அட்டை வாங்கும்போது கடையில் கொடுத்துவிட்டு வரும் ஒரு போட்டோப் பிரதி இவ்வளவையும் சொல்லிவிடுகிறது. சோதனைச் சாவடிகளில் அட்டையை நீட்டியபடி நின்ற தலைமுறை வாழும் யாழ்ப்பாணத்தில், இது ஏன் கவலைக்குரியது என்று விளக்கத் தேவையில்லை.

இனி மாற்று வழியைப் பார்ப்போம். ஹாஷ் எனப்படும் கணிதச் செயற்பாடு, எந்தத் தகவலைக் கொடுத்தாலும் அதை ஒரே நீளமான எண்ணாக அரைத்துத் தருகிறது, எஸ்.எச்.ஏ-256 என்ற முறையில் அது 256 பிட் நீளமானது. அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாததுபோல, அந்த எண்ணிலிருந்து தகவலைப் பின்னோக்கிக் கணிக்க முடியாது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. நூறு ஆண்டுகளில் பிறந்த திகதிகள் ஏறத்தாழ 36,500 தான். அவை அனைத்தையும் அரைத்துப் பார்த்து எது பொருந்துகிறது என்று கண்டுபிடிக்கக் கணினிக்கு ஒரு நொடிகூட வேண்டாம். ஆகையால் ஒவ்வொரு விபரத்துடனும் எழுமாற்றாகத் தெரிவுசெய்த நீண்ட எண்ணொன்றைச் சேர்த்தே அரைக்கிறார்கள். அதற்கு 'உப்பு' என்று பெயர். உப்பு தெரியாதவரால் ஊகித்துப் பார்க்கவே முடியாது என்பதில்தான் இம்முறையின் அழகு முழுவதும் இருக்கிறது.

பெயர், முகவரி, பிறந்த திகதி, '21 வயது நிரம்பியவர்: ஆம்' என ஒவ்வொன்றையும் தனித்தனி உப்புடன் அரைத்து, கிடைக்கும் எண்களின் பட்டியலில் அரசு மின்னொப்பம், அதாவது வேறெவராலும் போலியாக இட முடியாத கணித முத்திரை, இடுகிறது. கடையில் வயது கேட்கப்பட்டால், ஒப்பமிட்ட பட்டியலையும் 'ஆம்' என்ற ஒரு விடையையும் அதற்குரிய உப்பையும் மட்டும் கைபேசி கொடுக்கும். கடையின் கருவி அவற்றை அரைத்து, பட்டியலில் இருப்பதுடன் ஒப்பிடும். மற்றைய எண்கள் ஊமையாகவே இருக்கும். 2021 இல் வெளியான, கைபேசிச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான சர்வதேச நியமம் இவ்வாறே இயங்குகிறது.

ஒப்பத்தைக் கடையிலேயே சரிபார்க்கலாம் என்பதால், நீங்கள் எங்கே என்ன வாங்கினீர்கள் என்று தலைமைக் கணினி அறிய வேண்டியதும் இல்லை. இது சிறிய விடயமன்று. இந்தியாவில் ஆதார் சரிபார்ப்புப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க இடமளித்த விதியை 2018 இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, ஆறு மாதங்களாகக் குறைத்தது. அதற்கு முந்திய ஆண்டே ஒன்பது நீதியரசர்கள் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றிருந்தார்கள். எங்களிடம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை ஒரு தனி உரிமையாக எழுதப்படவில்லை. ஓர் அட்டையைக் கட்டாயமாக்கும் முன் அதை எழுதவேண்டும் என்பதும், மென்பொருளை ஆராய எமது பல்கலைக்கழக மாணவர்களுக்கு நிதி தரவேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. அதே ஒப்பத்தை இரண்டு கடைகளில் காட்டினால், வந்தவர் ஒருவரே என்று அவை தமக்குள் கண்டுகொள்ளலாம். அதனால் வெவ்வேறு உப்பிட்ட பல பட்டியல்களை அரசு முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொடுக்க, கைபேசி ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை காட்டிவிட்டுக் கழித்துவிடும்.