விதை பிடிக்காத பூவுக்கு எதற்குச் சூல்தண்டு?

சூரியகாந்திக் குடும்பத்தில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாக உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட பாக்கரிஸ் என்ற பேரினத்தைப் பார்க்கலாம். 400-க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலும் புதர்கள். அநேகமாக எல்லா இனங்களிலும் ஒரு செடி ஆணாக இருக்கும், இல்லாவிட்டால் பெண்ணாக இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு பூ என்று நாம் சொல்வது பல சிறு பூக்களின் கொத்து, பள்ளியில் படித்ததுதான். அந்தச் சிறு பூவுக்குள் நடப்பதுதான் எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். ஐந்து மகரந்தப்பைகளும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாக நிற்கும். அவை வெடிக்கும்போது மகரந்தம் வெளியே சிந்தாமல் குழாய்க்குள்ளேயே கொட்டும். அப்புறம் அடியிலிருந்து, விதை உருவாகும் சூலகத்தின் மேல் நிற்கும் பெண் உறுப்பான சூல்தண்டு நீண்டு, சிரிஞ்சின் தண்டு மருந்தைத் தள்ளுவதுபோல மகரந்தத்தை மேலே தள்ளிக்கொண்டு வரும். பைகளில் ஒட்டியிருப்பதையும் அதன் நுண்ரோமங்கள் வழித்தெடுத்துவிடும். வருகிற பூச்சிக்கு மகரந்தம் வாசலிலேயே தயார். சூரியகாந்தியின் நடுவில் உள்ள சிறு பூக்களில் இந்த வேலை முடிந்ததும் தண்டின் நுனி இரண்டாகப் பிரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும்.

பாக்கரிஸின் ஆண் பூவில் சூலகம் பேருக்குத்தான் இருக்கிறது, விதை பிடிக்காது. சரி, அப்படியானால் சூல்தண்டும் மறைந்திருக்க வேண்டுமே? மறையவில்லை. மகரந்தத்தை வெளியே தள்ள அதைவிட்டால் வேறு ஆள் இல்லை! பெண் உறுப்பு ஒன்று, ஆண் பூவுக்கு வேலை செய்வதற்காகவே மிஞ்சியிருக்கிறது. பெண் பூவிலோ மகரந்தத்தாளே கிடையாது; நூல் போன்ற இதழ்க் குழலும் அதற்குள் சூல்தண்டும் மட்டுமே.

இப்படிப் பூவைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுக்கு நிதி கேட்டால், இதனால் என்ன பயன் என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியே எரிச்சல். ஆனால் பயனும் இருக்கிறது. பாக்கரிஸ் விதைக்கு வெள்ளைக் குஞ்சம் உண்டு. காற்றில் பஞ்சாகப் பறப்பது பெண் செடியிலிருந்து மட்டுமே. கலிபோர்னியாவில் தரையை மூடிப் படர்வதற்காக பாக்கரிஸ் பிலுலாரிஸ் நடும்போது, ஆண் செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்த ரகங்களையே விரும்பி வாங்குகிறார்கள். இன்னொரு இனமான பாக்கரிஸ் ஹாலிமிஃபோலியா ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் களையாகிவிட்டது. அதில் ஒரு பெண் செடியே லட்சக்கணக்கில் விதை விடும். அதை ஒடுக்க, அதன் தாயகத்திலிருந்து பூச்சிகளையும் ஒரு துருநோய்ப் பூஞ்சையையும் கொண்டுவர வேண்டியதாயிற்று.