ஹைட்ரஜன் குண்டே வெடிக்கவில்லையே என்பவர்களுக்கு

வலையில் சிக்கிய துருப்பிடித்த எறிகணை ஒன்றை மண்டபம் பக்கத்துப் பழைய இரும்புக்கடையில் எடைபோட வைத்திருப்பதாக இந்த மாதமும் எனக்கு அழைப்பு வந்தது. 2018-இல் தங்கச்சிமடத்தில், வீட்டில் தோண்டிய குழியிலிருந்து பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் கிளம்பிய பிறகும் இந்தக் கரைக்குப் பயம் வரவில்லை. ராணுவ வெடிமருந்துப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் எச்சரிக்கும்போதெல்லாம் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “ஆகாயத்திலிருந்து விழுந்த ஹைட்ரஜன் குண்டே வெடிக்கவில்லையாம், உப்புத் தண்ணீரில் ஊறியது என்ன செய்துவிடும்?”

வெடித்தது, ஐயா. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமரெஸ் கிராமத்துக்கு மேலே அமெரிக்க பி-52 விமானம் எரிபொருள் நிரப்பும் விமானத்தோடு மோதிச் சிதறியபோது நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. அவற்றுள் இரண்டில் இருந்த சாதாரண வெடிமருந்து தரையில் மோதியதும் வெடித்து, வயல்களில் புளுட்டோனியத்தைத் தூவியது. தடுக்கப்பட்டது அணுவெடிப்பு மட்டுமே. குண்டின் நடுவே உள்ள புளுட்டோனியக் கருவைச் சுற்றியுள்ள சாதாரண வெடிமருந்து எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடித்து அதை நசுக்கினால்தான் அணுவெடிப்பு முழுமையாக நிகழும். ஏதேனும் ஒரு புள்ளியில் மட்டும் மருந்து வெடித்தால், 4 பவுண்டு டிஎன்டி வெடிமருந்துக்கு மேற்பட்ட அணு ஆற்றல் வெளிப்படும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று 1968-இல் அமெரிக்கா அளவுகோல் வகுத்தது.

அந்தப் பாதுகாப்பும் மெதுவாகத்தான் வந்தது. தொடக்கக் காலக் குண்டுகள் பலவற்றில் கருவைத் தனியே வைத்திருந்து பறக்கும்போது செருகினார்கள். கருவை உள்ளேயே வைத்து மூடிய குண்டுகள் வந்ததும் அந்த வழி அடைபட்டது. 1961-இல் வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோவில் விழுந்த ஒரு குண்டுக்கும் பேரழிவுக்கும் நடுவே நின்றது எளிய மின்விசை ஒன்றே என்று அமெரிக்க அணு ஆயுத ஆய்வகமான சாண்டியாவின் மேற்பார்வையாளர் ஒருவர் 1969-இல் எழுதினார். 1970-களில், உரிய குறியீடு வராமல் மின்சாரத்தை விடாத பலமான இணைப்பும், தீயில் அதற்கு முன்பே கெட்டுக் குண்டைச் செயலிழக்கச் செய்யும் பலவீனமான இணைப்பும் சேர்ந்தன. கெடுவது பாதுகாப்பான பக்கமாகக் கெட வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த வேலை அது.

உங்கள் வலையில் ஏறும் எறிகணையில் அப்படி எதுவும் இல்லை. ஏவப்பட்டும் வெடிக்காமல் விழுந்ததென்றால் அதன் பாதுகாப்புப் பூட்டுகள் ஏற்கெனவே திறந்திருக்கலாம். ஈய அசைடு என்ற வெடிபொருள் நிரப்பிய டெட்டனேட்டரில் ஈரம் புகுந்து, அந்த அசைடு செம்போடு வினைபுரிந்தால் உண்டாகும் செம்பு அசைடு வெறும் உராய்வுக்கே வெடிக்கக்கூடியது.

ஆகவே, நீருக்குள் இருக்கும்போதே தெரிந்தால் படகில் ஏற்றாதீர்கள். வலையை அறுத்துவிட்டு ஜிபிஎஸ் குறியை எழுதிக்கொள்ளுங்கள். வலையின் விலை எனக்கும் தெரியும், ஆனாலும் அறுங்கள். கரையில் கிடந்தால் சுரண்டாமல், அருகில் நின்று செல்ஃபி எடுக்காமல், பிள்ளைகளை விலக்கிவிட்டு 1093-இல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குச் சொல்லுங்கள். இரும்புக்கடைக்காரர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு, கடையைவிட்டுத் தொலைவில் போய் நின்று போன் செய்யவும்.