ரில்ற்-ஷிஃப்ற்: சாய்வும் நகர்வும்

யாழ்ப்பாணத்தில் படம் எடுக்கிற இளைஞர்களிடம் ‘ரில்ற்-ஷிஃப்ற்’ என்று சொன்னால் பெரும்பாலானோருக்கு ஒரே ஒரு படம்தான் மனதில் வரும். மேலும் கீழும் மங்கலாகி, நடுவில் ஒரு கீற்று மட்டும் தெளிவாக நின்று, ஊரே பொம்மை ஊராகத் தெரியும் படம். கைபேசிச் செயலிகள் அந்த மங்கலுக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிட்டதால் வந்த வினை இது. உண்மையில் இந்தச் சொல் ஒரு தோற்றத்தின் பெயர் அன்று, ஒரு கருவியின் பெயர். கமராவின் உடலோடு இறுகி நில்லாமல் அசைந்து கொடுக்கும் வில்லைக்கு உரிய பெயர். அந்த அசைவு இரண்டு வகை. இரண்டுக்கும் வேலை வேறு, கணக்கும் வேறு. தமிழில் பெயர் வைக்கும்போது இரண்டையும் தனித்தனியே உச்சரிக்கும்படி வைக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘ரில்ற்’, நிலைகொள்ளாத தன்மையைக் குறித்த பழைய சொல்லொன்றின் வழி வந்தது. விழுதல், கவிழ்தல் என்ற பொருள்களைக் கடந்து, ஒரு பக்கமாகச் சாய்தல் என்பதில் நிலைத்தது. ‘ஷிஃப்ற்’ தொடக்கத்தில் பங்கிடுதல், ஒழுங்குபடுத்துதல் என்ற பொருளில் வழங்கிப் பிற்பாடு இடம் மாற்றுவதற்கு ஆகிவந்தது. தமிழ்நாட்டார் டில்ட்-ஷிப்ட் என்று எழுதுவார்கள். எங்கள் ஊர் எழுத்து வழக்கில் அது ரில்ற்-ஷிஃப்ற்.

சொல் கமராவுக்கு வந்த கதை பழைய துருத்திக் கமராவில் தொடங்குகிறது. முன்னே வில்லை, பின்னே கண்ணாடித் தட்டு, இடையில் மடிப்பு மடிப்பான துருத்தி. படப்பிடிப்பாளர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடியே வில்லையை உயர்த்தலாம், தாழ்த்தலாம், பக்கவாட்டில் தள்ளலாம், சாய்க்கலாம். துருத்தி வளைந்து கொடுக்கும். சிறிய படச்சுருள் கமராக்கள் வந்தபோது வில்லையும் உடலும் இறுகிப் பூட்டப்பட்டன. கையில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற முடிந்தது, ஆனால் அந்த அசைவுகள் போய்விட்டன. 1960களின் தொடக்கத்தில் நிக்கொன் 35 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லையொன்றில் நகர்வை மட்டும் மீட்டுக் கொடுத்தது. 1973இல் கனொன் வெளியிட்ட 35 மில்லிமீற்றர் வில்லையில் சாய்வும் சேர்ந்தது. நிக்கொன் தன் வில்லைக்கு வைத்த ‘பிசி’ என்ற எழுத்துக்கள் தோற்றத்தைக் கட்டுப்படுத்தல் என்ற பயனைச் சொல்கின்றன. கனொனின் ‘ரிஎஸ்’ அசைவைச் சொல்கிறது. கனொனின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் பயன் ஆளுக்கு ஆள் மாறும், அசைவு மாறாது.

முதலில் நகர்வு. வில்லை தன் திசை மாறாமல், கமராவுக்குள் பிம்பம் பதியும் உணரிக்கு இணையாகவே மேலேயோ கீழேயோ பக்கத்திலோ தள்ளப்படுகிறது. முழுச்சட்ட உணரி 36க்கு 24 மில்லிமீற்றர், அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர். சாதாரண வில்லை அதை மூடும் அளவுக்கே ஒளிவட்டம் வீசும். கனொன் 2009இல் வெளியிட்ட 24 மில்லிமீற்றர் வில்லையின் ஒளிவட்டம் 67 மில்லிமீற்றர். அந்தப் பெரிய வட்டத்துக்குள் உணரிக்கு வேண்டிய பகுதியைத் தேர்ந்துகொள்ள 12 மில்லிமீற்றர் வரை இடம் இருக்கிறது. இதனால் என்ன பயன் என்று கேட்பவரை நல்லூருக்கு அழைத்துப் போகவேண்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. வெளிவீதியில் நின்று 2011இல் திறக்கப்பட்ட தெற்கு வாசல் ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பார்க்கலாம். அதன் உச்சி படத்துக்குள் வரவேண்டும் என்று கமராவை அண்ணாந்து பிடித்தால், செங்குத்தாக நிற்கிற எல்லாமே மேலே போகப் போக உட்பக்கம் ஒடுங்கும். வெற்றுச் சுவரில் அது வெறும் கோணல். கோபுரத்தில் இன்னும் பெரிய கேடு. கோபுரம் தன் இயல்பிலேயே மேல்நோக்கிச் சிறுக்கும்படி கட்டப்பட்டது. ஒவ்வொரு நிலையும் எவ்வளவு குறையவேண்டும் என்பது ஸ்தபதியின் கணக்கு. அண்ணாந்த கமரா அந்தக் கணக்கின் மேல் தன் ஒடுக்கத்தையும் ஏற்றிவிடுகிறது. படத்தில் நாம் பார்ப்பது அவர் கட்டிய கோபுரத்தைவிட ஒல்லியான வேறொன்று. கோயில்களைப் படம் எடுப்பவர்கள் நகர்வைக் கற்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நகர்வு வில்லை இருந்தால் கமராவை மட்டமாக, நேராக வைத்துவிட்டு வில்லையை மட்டும் மேலே தள்ளலாம். கமரா மட்டத்துக்கு மேல் 30 மீற்றர் உயரும் ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 24 மில்லிமீற்றர் வில்லையோடு கமராவைப் படம் நெடுக்காக விழும்படி திருப்பிப் பிடித்து, சாய்க்காமல் உச்சியை அடக்க, 40 மீற்றர் பின்னால் போகவேண்டும். அப்படிப் போனாலும் படத்தின் கீழ்ப்பாதி வீதி மணலாகத்தான் இருக்கும். வில்லையை 12 மில்லிமீற்றர் மேலே நகர்த்தினால் 24 மீற்றரே போதும். கோயில் வீதிகளில் அந்த 16 மீற்றர் வித்தியாசத்துக்குள் ஒரு கடைவரிசையே நின்றுவிடும். முழு நகர்வையும் பாவித்தால் சில கட்டடங்கள் தலை பெருத்ததுபோலத் தோன்றும் என்பதையும் சொல்லவேண்டும். அண்ணாந்து பார்த்துப் பழகிய கண் கொஞ்சம் ஒடுக்கத்தை எதிர்பார்க்கிறது. கமராவை ஒரு பாகை மட்டும் மேலே திருப்பி மிச்சத்தை நகர்வுக்கு விட்டால் படம் இயல்பாக நிற்கும்.

கணினியிலே நிமிர்த்தலாமே என்பார்கள். நிமிர்த்தலாம். அங்கே மென்பொருள் ஒடுங்கிய பகுதியை இழுத்துப் பரப்புகிறது, ஓரங்களை வெட்டி எறிகிறது. உச்சிக் கலசத்தின் நுணுக்கம் அந்த இழுப்பில் நைந்துபோகும்.

பக்கவாட்டு நகர்வைப் பலர் மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெள்ளை முகப்பு, 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த கட்டடம், நேர்முகமாக எடுக்கப்படவேண்டிய முகப்பு. நட்டநடுவே நின்றால் முன்னாலுள்ள சரஸ்வதி சிலை பின்னுள்ள பகுதியை மறைக்கும். விலகி நின்று கமராவைத் திருப்பினால் முகப்பு ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்துவிடும். 20 மீற்றர் தூரத்தில் நிற்கிறீர்கள் என்றால், நடுவிலிருந்து 10 மீற்றர் வரை பக்கம் விலகி, கமராவை முகப்புக்கு இணையாகவே வைத்து, வில்லையை நடுப்பக்கம் 12 மில்லிமீற்றர் நகர்த்துங்கள். முகப்பு நேர்முகமாகவே இருக்கும், நடுவும் நடுவிலேயே இருக்கும், சிலை மட்டும் ஓரமாக ஒதுங்கி நிற்கும். மின்கம்பம், வாகனம், கடைக் கண்ணாடியில் விழும் எங்கள் நிழல் என எதற்கும் இந்த உபாயம் பொருந்தும்.

சாய்வு முற்றிலும் வேறு சங்கதி. இங்கே வில்லை தன் திசையையே மாற்றிக்கொள்கிறது. மாறுவது கட்டடத்தின் வடிவம் இல்லை, தெளிவு விழும் தளம். சாதாரண வில்லையில் தெளிவுத் தளம் உணரிக்கு இணையாக, எங்கள் முன்னால் ஒரு சுவர்போல் நிற்கும். வில்லையைச் சாய்த்தால் அந்தத் தளமும் சரியும். வில்லையின் தளம், உணரியின் தளம், தெளிவுத் தளம் மூன்றும் நீட்டினால் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பது விதி. ஒஸ்ரியப் படையின் கப்டன் தியோடோர் ஷைம்ப்ஃப்ளூக்கின் பெயரால் அது வழங்குகிறது. வானிலிருந்து சரிவாக எடுக்கப்பட்ட படங்களைத் திருத்தி வரைபடம் செய்ய அவர் வழிதேடினார். 1904ஆம் ஆண்டுக் காப்புரிமையில் அதை விளக்கினார். பிரான்சின் ஜூல் கார்பாந்தியே 1901இலேயே இதைத் தொட்டிருந்ததை அவர் மறைக்கவில்லை.

யாழ் குடாநாடு போன்ற மட்டமான நிலத்தில் சாய்வுக்குத் தனி மதிப்பு உண்டு. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயப் பாத்திகள் காலடியிலிருந்து தூரத்துப் பனைகள் வரை ஓடும். எல்லாமே தெளிவாக விழவேண்டும் என்று வில்லையில் ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கினால் ஒளி போதாது, மூடுவேகம் குறையும், அதாவது கமரா கூடிய நேரம் திறந்து நிற்கவேண்டும். சோளகக் காற்றில் வெங்காயத் தாள் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த வேகத்தில் எடுத்தால் பாத்தி பச்சைப் புகையாகிவிடும். வில்லையைக் கொஞ்சம் முன்னே சாய்த்தால் தெளிவுத் தளம் பாத்திகளின் மேலேயே படுத்துவிடும். துவாரத்தைச் சுருக்கவேண்டிய தேவை பெரிதும் போய்விடும்.

எவ்வளவு சாய்ப்பது? குவியத் தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் வகுத்தால், வில்லைக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் தெளிவுத் தளம் கடக்கிறது என்பது கிடைக்கும். 24 மில்லிமீற்றர் வில்லையில் ஒரேயொரு பாகை சாய்த்தால் அது 1375 மில்லிமீற்றர். முக்காலியில் கமரா நிற்கும் உயரமும் ஏறத்தாழ அதுவே. ஆக ஒரு பாகை போதும். 90 மில்லிமீற்றர் வில்லையில் அதே உயரத்துக்கு 3.75 பாகை வேண்டும். புதிதாக வில்லை வாங்கியவர்கள் கைப்பிடியை எட்டு பாகைக்கு மேல் முறுக்கிவிட்டு நிலம் ஏன் தெளியவில்லை என்று கேட்பது இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான். 24 மில்லிமீற்றரில் 8.5 பாகை என்றால் தளம் வில்லைக்கு 16 சென்ரிமீற்றர் கீழேயே கடந்து போகிறது. நிலத்தின் மேல் அது படிவதேயில்லை. சாய்வை வைத்தபிறகு குவிய வளையத்தைத் திருப்பினால், தளம் அந்த ஆழத்திலுள்ள கோட்டைப் பிணைச்சலாகக் கொண்டு ஒரு கதவுபோல ஏறி இறங்கும். பாத்தி முடிகிற இடத்தில் அது படிகிறவரை மெல்லத் திருப்பவேண்டும். இந்த வில்லைகளைக் கையால்தான் குவியப்படுத்தவேண்டும், திரையில் பெருப்பித்துப் பார்த்துச் செய்வதே நல்லது.

தெளிவு வலயம் கிட்ட ஒடுங்கி, எட்ட விரியும் ஆப்பின் வடிவில் இருக்கும். தூரத்துப் பனை அடியோடு முடியோடு தெளியும். பக்கத்தில் ஒரு பனை நின்றால் அடி தெளிந்து வட்டு மங்கும். கிட்டப் பனை உள்ள காட்சிக்குச் சாய்வை விட்டுவிட்டுப் பழைய வழியிலேயே துவாரத்தைச் சுருக்குவதே மேல்.

இனி அந்தப் பொம்மைத் தோற்றம். சாய்வைத் தலைகீழாக்கி, தளம் நிலத்தைக் கிடையாகத் தழுவாமல் குறுக்கே வெட்டும்படி வைத்தால் அது வரும். மிக அருகில் வைத்து எடுக்கும் சிறு பொருட்களின் படத்தில்தான் தெளிவு மெல்லிய கீற்றாக இருக்கும் என்பது எங்கள் கண்ணுக்குப் பழகிப்போன சங்கதி. ஒரு சந்தையையும் பேருந்து நிலையத்தையும் அதே கீற்றோடு காட்டினால் மூளை அவற்றைச் சிறியவை என்று எடுத்துக்கொள்கிறது. இதற்கு உயரம் வேண்டும். குடாநாட்டில் மலையில்லை, கோட்டை மதில் போதிய உயரமில்லை, நகரத்து மாடிக் கட்டடங்களின் மொட்டைமாடிதான் வழி. செயலியின் மங்கல் படத்தில் எது மேலே, எது கீழே என்று மட்டும் பார்க்கும். வில்லையின் மங்கல் உண்மையான தூரத்தைப் பார்க்கும். ஓட்டோக்களும் மரக்கறிக் கூடைகளும் பொம்மையாவது எனக்கும் பிடிக்கும். தேர்த் திருவிழாவில் வடம் பிடித்து நிற்கிற சனத்தைப் பொம்மையாக்க எனக்கு மனம் வராது. அந்த முகங்களைக் கிட்டப் போய்த்தான் எடுக்கவேண்டும்.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். வில்லை என்ற சொல்லில் எங்களுக்குச் சிக்கலில்லை. குவிவு வில்லை, குழிவு வில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். மருந்து வில்லையை நாங்கள் குளிசை என்பதால் குழப்பமும் வராது. ரில்றுக்குச் ‘சரிவு’ என்றால் விழுந்துபோவது போலிருக்கிறது, ‘கோணல்’ என்றால் பிழை போலிருக்கிறது. சாய்மனைக் கதிரையில் சாய்வது வேண்டுமென்றே சாய்வது. ஆகவே சாய்வு.

ஷிஃப்றுக்குப் பெயர்ச்சி, பெயர்வு, நகர்வு மூன்றும் பொருந்தும். பௌதிகத்தில் இடப்பெயர்ச்சி உண்டு, பஞ்சாங்கத்தில் சனிப்பெயர்ச்சி உண்டு. பெயர்வு என்ற சொல்லை இந்த மண்ணில் ஒரு கருவிக்கு வைக்க என்னால் முடியாது. யுத்தத்தில், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்ததை நாங்கள் அந்தச் சொல்லால்தான் சொல்கிறோம். அது அங்கேயே இருக்கட்டும். நகர்வு அளவான சொல். தள்ளும் தூரம் மில்லிமீற்றர் கணக்கில்தானே.

இரண்டையும் சேர்க்கும்போது கவனம் வேண்டும். சுருக்கிச் ‘சாய்நகர் வில்லை’ என்றால் ஏதோ குடியிருப்பின் பெயராகிவிடும். ‘சாய்வில்லை’, ‘நகர்வில்லை’ என்று சேர்த்து எழுதினால் சாய்வும் இல்லை, நகர்வும் இல்லை என்றே வாசிப்பார்கள். ‘சாய்வு நகர்வு வில்லை’ என்று இடம்விட்டு எழுதுவதே சரி. நகர்வு மட்டும் உள்ளதை நகர்வு வில்லை எனலாம். செயலி செய்வதைப் பொம்மைத் தோற்றம் என்றால் போதும், அதற்கு வில்லையின் பெயர் தேவையில்லை.

கலியாண வீடியோ எடுப்பவர்கள் கமராவை மேலும் கீழும் ஆட்டுவதையும் ‘ரில்ற்’ என்கிறார்கள். அதைக் கமராச் சாய்ப்பு என்று பிரித்துச் சொல்லவேண்டும். நல்லூர்க் கோபுரத்தின் முன்னால் நாம் தவிர்க்கப் பார்ப்பது அதைத்தான். படத்தின் கீழ்க் குறிப்பு எழுதுவோர் அசைவுகளைத் தனித்தனியே அளவோடு குறிக்கலாம். வெங்காயத் தோட்டப் படத்துக்கு: 24 மில்லிமீற்றர் சாய்வு நகர்வு வில்லை, சாய்வு 1 பாகை முன்னோக்கி, நகர்வு இல்லை. கோபுரப் படத்துக்கு: அதே வில்லை, சாய்வு இல்லை, நகர்வு 12 மில்லிமீற்றர் மேல்நோக்கி.