எலிக்காய்ச்சல் வேறு, கொறிணி மலேரியா வேறு

காரைக்குடியில் நடக்கவிருந்த ஓர் அறிவியல் கூட்டத்தின் அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. ‘எலிக்காய்ச்சல் ஒட்டுண்ணிகள் வழியே நோயெதிர்ப்பு ஆய்வு’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். இந்தச் சொல்லை இந்த இடத்தில் நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. முதலில் ஒரு மாத இதழின் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் பார்த்தேன், அப்புறம் ஒரு மாணவரின் ஆய்வேட்டுச் சுருக்கத்தில். அழைப்பிதழை வாங்கிப் படித்த ஆச்சி கேட்டார்: “ஏந் தம்பி, மழைக்காலத்துல தண்ணியில நடந்தா வருதுன்னு சொல்றாகளே, அந்த எலிக்காய்ச்சலுக்கு ஊசி கண்டுபிடிச்சுட்டாகளா?”

ஆச்சி சரியாகத்தான் படித்திருக்கிறார். அச்சில் இருந்த சொல்தான் தவறு.

எலிக்காய்ச்சல் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஒரே பொருள்தான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேறு வழியாக மனிதருக்கு வரும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா நோய். கூட்டத்தில் பேசப்படவிருந்ததோ மலேரியா. அதுவும் கொறிக்கும் விலங்குகளுக்கு, அதாவது கொறிணிகளுக்கு, மட்டும் வரும் மலேரியா. அதை உண்டாக்குவது பாக்டீரியா அன்று, பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அதைப் பரப்புவது எலி அன்று, அனாபிலஸ் கொசு. எலி அங்கே நோயாளி.

தமிழில் விலங்கின் பெயரோடு காய்ச்சலைச் சேர்த்தால் என்ன பொருள் வருகிறது என்று பாருங்கள். பன்றிக்காய்ச்சல், பறவைக்காய்ச்சல், எலிக்காய்ச்சல். எல்லாமே அந்த விலங்கிடமிருந்து நமக்கு வரும் நோய் என்றுதான் காதில் விழுகின்றன. இதை யாரும் இலக்கணம் போட்டு வகுக்கவில்லை, செய்தித்தாளும் மருத்துவமனையும் சேர்ந்து பழக்கிவிட்டன. கொறிணி மலேரியா மனிதரைத் தொற்றுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் அதை அச்சமின்றிக் கையாள முடிவதற்கு அதுவே ஒரு காரணம். அப்படிப்பட்ட ஒன்றுக்கு, மனிதருக்குத் தொற்றும் நோயின் பெயரை வைப்பதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சொல்லின் வேர் சிறியதுதான். இலத்தீனில் ‘ரோதெரே’ என்றால் கொறித்தல். அதிலிருந்து வந்த ‘ரோடண்ட்’ என்பதற்குத் தமிழில் கொறிணி, கொறிப்பான், கொறித்துண்ணி, கொறிவிலங்கு என நான்கைந்து சொற்கள் புழங்குகின்றன. எல்லாம் ‘கொறி’ என்ற வினையிலிருந்து பிறந்தவை. அந்த வினை நமக்குப் புதிதா என்ன? அணில் நெல்லைக் கொறிக்கும். மாலையில் நாம் சீப்புச் சீடை கொறிப்போம். முன்பல்லால் சிறிது சிறிதாகக் கடிப்பது என்ற பொருள் அப்படியே இருக்கிறது. கொறிணிகளுக்கு அந்த முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்.

“எதற்கு இத்தனை? எலி என்றே போடலாமே” என்பார் என் நண்பர் ஒருவர். மொழிபெயர்ப்புப் பணியில் பழுத்தவர். எளிமை வேண்டும் என்ற அவர் கட்சிதான் என் கட்சியும். ஆனால் எலி என்ற சொல் இங்கே ஒரே சமயத்தில் குறைவாகவும் மிகையாகவும் போகிறது. அணிலும் முள்ளம்பன்றியும் கொறிணிகள், அவற்றை யாரும் எலி என்பதில்லை. மூஞ்சூறை எலியோடு சேர்த்தே பேசுகிறோம், அது கொறிணியே இல்லை, பூச்சி தின்னும் வேறு இனம். முயலும் கொறிக்கும், ஆனால் அதுவும் இந்த வகைக்குள் வராது. அப்புறம், ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் இருப்பது சுண்டெலி. ஒட்டுண்ணியை முதலில் கண்டெடுத்ததோ ஆப்பிரிக்கக் காட்டில், மரமேறும் புதர் எலியில். 1948-இல், அன்றைய பெல்ஜியக் காங்கோவின் கட்டாங்காப் பகுதியில், வின்கே, லிப்ஸ் என்ற இருவர் பிளாஸ்மோடியம் பெர்கையைக் கண்டறிந்தார்கள். பிறகு வின்கை, சபாடி, யோலியை என மேலும் மூன்று இனங்கள் ஆப்பிரிக்காவிலிருந்தே கிடைத்தன. புதர் எலியின் உடம்பில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் இந்த ஒட்டுண்ணி, சுண்டெலியைச் சில நாட்களில் கொன்றும்விடலாம். இரண்டையும் ‘எலி’ என்று எழுதினால் இந்த வேறுபாட்டை வாசகருக்கு எந்தச் சொல்லால் சொல்வது?

தூய தமிழ் அன்பர்கள் சிலர் மலேரியாவையே மாற்றி, ‘கொறிணி முறைக்காய்ச்சல்’ என்கிறார்கள். முறைக்காய்ச்சல் எனக்குப் பிடித்த சொல். பர்மாவில் தொழில் பார்த்த என் ஐயாவின் கடிதங்களில் ‘முறைக்காய்ச்சல் விட்டது’ என்று வரும். நாள் விட்டு நாள், அல்லது இரண்டு நாள் விட்டு, முறைவைத்து வருவதால் அந்தப் பெயர். மனிதருக்கு மிகப் பொருத்தம். சுண்டெலிக்கோ பொருந்தாது. பெர்கை, சபாடி ஆகியவை இரத்தச் சிவப்பணுவுக்குள் பெருகி வெளிவரும் சுழற்சி ஏறத்தாழ 24 மணி நேரம்தான். நோய் முற்றும்போது சுண்டெலிக்கு உடம்பு சுடுவதில்லை, குளிர்ந்துபோகிறது. காய்ச்சலே இல்லாத இடத்தில் முறைக்காய்ச்சல் எப்படி வரும்? மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்று பொருள், அதுவும் தவறான கருத்தில் பிறந்ததுதான். ஆனாலும் அது ஆச்சிக்கும் தெரிந்த சொல், ஒரே நோயைக் குறிக்கும் சொல். அது இருக்கட்டும்.

‘கொறித்துண்ணி’ பற்றியும் சொல்ல வேண்டும். தனியே நின்றால் நல்ல சொல். ‘கொறித்துண்ணி மலேரியா ஒட்டுண்ணி’ என்று சேர்க்கும்போது இரண்டு உண்ணிகளும் இடித்துக்கொள்கின்றன. எது எதை உண்கிறது என்று வாசகர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மாட்டின் மேல் உண்ணி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் குழப்பம். அதனால்தான் கொறிணி என்கிறேன்.

விலங்கின் பெயர் சொல்லில் தெளிவாக நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. 1967-இல் ருத் நுசென்ஸ்வைக் குழுவினர், கொசு கடிக்கும்போது உடலில் செலுத்தும் ஸ்போரோசோயிட் நிலையில் உள்ள பெர்கையை எக்ஸ் கதிரால் நலிவடையச் செய்து சுண்டெலிக்குள் செலுத்தினார்கள். பிறகு உயிர்ப்புள்ள ஸ்போரோசோயிட்டுகளைச் செலுத்தியபோது பல சுண்டெலிகள் நோயிலிருந்து தப்பின. அந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகள் ஸ்போரோசோயிட்டின் மேற்புரதத்தை அடையாளம் காட்டின. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி அந்தப் புரதத்தை அடிப்படையாகக் கொண்டது. இது கொறிணி ஆய்வு தந்த பெரும் பேறு. ஆனால் எல்லாமே இப்படி நேராகப் பொருந்துவதில்லை. பெர்கையின் அங்கா வகை சுண்டெலிக்கு மூளை மலேரியாவை உண்டாக்கும். அதில் சுண்டெலியின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களின் தாக்குதலுக்குப் பெரும் பங்கு உண்டு. மனிதரிடமோ, தொற்றுள்ள சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டி அடைப்பதே முதன்மையாகப் பேசப்படுகிறது. இரண்டும் ஒன்றுதானா என்று ஆய்வாளர்களே வாதிடுகிறார்கள். ‘மலேரியாவுக்கு மருந்து’ என்று நாளிதழில் தலைப்புப் போட்டு, அது சுண்டெலியில் கண்டது என்பதைக் கடைசிப் பத்தியில் ஒளிப்பதும் இதே குற்றம்தான். மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறப்பதோடு, அந்தச் சொல் ஊரில் ஏற்கெனவே எந்த நோய்க்குப் புழங்குகிறது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டாலே போதும்.

அழைப்பிதழ் அனுப்பிய தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். பதாகை இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம். ‘கொறிணி மலேரியா ஒட்டுண்ணிகள் வழியே நோயெதிர்ப்பு ஆய்வு’ என்று எழுத்தெழுத்தாகச் சொல்ல, வல்லின றகரமா இடையின ரகரமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வல்லினம்தான்.