அடிவயிற்றில் உப்பு

பழைய கார் வாங்கப்போகிறவர்கள் என் கராஜுக்கு வந்ததும் காட்டுவது மீற்றரைத்தான். "எண்பதாயிரம் கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் காரைக் குழிக்கு மேல் விடச் சொல்லிவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். மீற்றரைத் திருப்பி வைக்க ஆள் இருக்கிறது. துருவைத் திருப்பி வைக்க ஆள் இல்லை.

திருகோணமலையில் இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். எங்கள் பக்கத்து ஊரின் பெயரைக் கேட்டாலே விளங்கும்: உப்புவெளி. நிலாவெளியில் உப்பளமே இருக்கிறது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலோர வீடுகளின் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரல் பிசுபிசுக்கும். அதே பிசுபிசுப்புத்தான் வாசலில் நிற்கும் காரின் அடியிலும் படிகிறது. காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானாகவே கரையும். மழையே பெய்யாத நாளிலும் காரின் அடித்தகடு நனைந்திருப்பது இதனால்தான்.

போன வருடம் பாடசாலை ஆசிரியர் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வந்தார். தரகர் கொடுத்துவிட்ட வெள்ளி நிற டொயோட்டா கொரோலா 121. வெளியே கண்ணாடி போல மினுங்கியது. எஞ்சினிலும் குறை சொல்ல இடமில்லை. அந்த 1.5 லீற்றர் எஞ்சினில் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டி கிடையாது, இரும்புச் செயின்தான்; எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் நம்மைவிட நீண்ட நாள் உழைக்கும். கீழே இறங்கிப் பார்த்தால் அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு. எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. இருபது வயதுக் கார் எதற்கு அடியில் மட்டும் மை பூசிக்கொண்டு வர வேண்டும்? திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். ஜாக் வைக்கும் இடத்தில் சத்தம் மாறியது. முனையால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது.

"தம்பி, இதைத் தகடு வைத்து ஒட்ட முடியாதா?" என்று கேட்டார்.

"ஒட்டலாம் சேர். ஆனால் பிரேக் குழாயும் இதே பக்கத்தால்தான் ஓடுகிறது" என்றேன். அந்த இரும்புக் குழாயில் பூச்சுக்குக் கீழே பொருக்குப் பொருக்காகத் துரு. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது யானை குறுக்கே வந்து, முழுப் பலத்துடன் பிரேக்கை மிதிக்கும் நேரத்தில்தான் அப்படிப்பட்ட குழாய் வெடிக்கும். ஆசிரியரின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓட்டோ பிடிக்கப் போய்விட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

துரு எல்லாம் நம் ஊரில்தான் பிடித்தது என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் ஹொக்கைடோ போன்ற பனி கொட்டும் பகுதிகளில் வீதிகளுக்கு உப்பு வகைகளைத் தூவுவார்கள். அங்கே ஓடிய கார் கப்பலிலிருந்து இறங்கும்போதே அரை நோயாளி. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓய்வு பெற வேண்டிய கார்கள் எல்லாம் மை பூசிக்கொண்டு கை மாறின.

வெள்ளம் குடித்த கார்களும் உண்டு. மகாவலி பெருகினால் மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு இருந்தால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாகனப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதத்தைக் காணாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

அந்த ஆசிரியர் மூன்று மாதம் கழித்து வேறொரு 121 வாங்கினார். ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீற்றர் ஓடியது, பெயின்ட் மங்கியது, ஆனால் அடிப்பகுதி சுத்தம். முதல் சேர்விசுக்கு வந்தபோது றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தேன். செம்மண் கரைத்தது போலத் தண்ணீர். விசாரித்தால் வீட்டுக் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றியிருக்கிறார், காரைக் கழுவுவதும் அதே தண்ணீரில். கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் வருவது உவர்நீர். உப்பை உப்பால் கழுவி என்ன பயன்? எனக்குக் கோபமே வந்துவிட்டது, பாவம், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உள்ளே முழுவதும் அலசி, கூலன்ட் நிரப்பிக் கொடுத்தேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், குழாயை உள்ளிருந்தும் அரிக்கும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தேன்.

இப்போது அவர் வீட்டில் குழாய்த் தண்ணீர்தான். மாரி மாதங்களில் வாரம் ஒரு தடவை சக்கரக் குடைவுகளுக்குள்ளும் அடியிலும் ஹோஸ் பிடிக்கிறார். கதவுகளின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே உளுத்துப்போகும். அவற்றை ஈர்க்குக் குச்சியால் குத்தித் திறப்பது இளைய மகளின் பொறுப்பு. போன மாதம் பின்கதவு ஒன்றிலிருந்து மட்டும் அரைச் சிரட்டை நிலாவெளி மணல் எடுத்தாளாம்.